பாடி கட்டும் முன்பு பாரத்தைப் பாருங்கள்

திருப்பூர்த் துணியைச் சுமக்கும் பிக்கப் வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு நீண்டும் உயர்ந்தும் வருகின்றன. பட்டறையில் சில நாளில் முடியும் வேலை இது. சாலையில் அதற்கு விலை கொடுப்பவர்கள் யார்?

மாலை ஏழு மணிக்கு மேல் பல்லடம் சாலையில் அருள்புரம் பக்கம் நின்று பார்த்தால் போதும். சாயப்பட்டறையிலிருந்து வெளியே வருகிற பிக்கப்பின் பின்கதவு மூடியிருக்காது. இருபுறச் சங்கிலியில் தொங்கி, படுக்கை வாட்டில் நீண்டிருக்கும். அதன் மேலும் துணி ரோல்கள். கேபின் உயரத்தைத் தாண்டி இன்னும் இரண்டு, மூன்று அடுக்கு. உச்சியில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு லோடுமேன். கதவு சாய்ந்துவிட்டதால் நம்பர் பிளேட் கண்ணுக்குப் படாது. பின்விளக்கு பாதி தெரியும். சேசிஸ் முனையில் பற்றவைத்த இரும்புக் கொக்கி ஒன்று, பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரின் முழங்கால் உயரத்தில் துருத்திக்கொண்டிருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டியின் மூக்கு மேலே போய், பிறகு தயங்கித் தயங்கிக் கீழே வரும்.

அந்த வண்டி ஷோரூமிலிருந்து வந்தபோது இப்படி இல்லை. பக்கத்தட்டுக்கு மேல் கிரில் வைத்தது, தளத்தைப் பின்னால் நீட்டியது, பழைய தகரத்தை எடுத்துவிட்டுக் கனமான இரும்புத் தளம் போட்டது, அடியில் ஸ்பிரிங் பட்டையைக் கூட்டியது, கடைசியாகக் கொக்கி மாட்டியது எல்லாம் பிறகு பட்டறையில் நடந்தவை. வண்டிக்காரர்கள் மத்தியில் இதை "பாடி கட்டுறது" என்பார்கள். இந்தத் தொழில் தவறானதல்ல. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்குப் பாடி கட்டியும், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டியும், கரூரில் பஸ் பாடி கட்டியும் பெயர் வாங்கிய மண்டலம் இது. இரும்பை வளைக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அந்தக் கைகளிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு பனியனுக்கு எத்தனை வண்டி?

திருப்பூரில் நூலிலிருந்து அட்டைப்பெட்டி வரை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்கிற நிறுவனங்கள் குறைவு. நூல் மூட்டை நிட்டிங் போகும். அங்கிருந்து கிரே துணி டையிங் போகும். டையிங்கிலிருந்து காம்பேக்டிங், பிறகு கட்டிங். கட்டிங் ஆன பீஸ் பிரின்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் போய் வந்து பவர்டேபிளுக்குச் சேரும். தைத்த பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வண்டி. ஊரை நொய்யல் ஒரு பக்கமும் ரயில் பாதை இன்னொரு பக்கமும் வெட்டுவதால், இந்த வண்டிகள் அனைத்தும் சில பாலங்களின் வழியேதான் நுழைந்து வெளியேற வேண்டும்.

2024-25 நிதியாண்டில் இந்த ஊரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. கப்பலேறுவதற்கு முன்னால் அந்தச் சரக்கில் பெரும்பங்கு சின்ன வண்டிகளில் பலமுறை ஊரைச் சுற்றியிருக்கும். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. சுமார் முக்கால் டன் இழுக்கிற அந்த வண்டி, குறுகலான சந்துக்குள் இருக்கும் நிட்டிங் கம்பெனி வாசல்வரை போனது. 2011-ல் ஓசூர் ஆலையிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பொலிரோ பிக்கப்பும் சேர்ந்துகொள்ள, ஒன்றேகால் டன், ஒன்றரை டன் வண்டிகள் பனியன் ஊரின் தினசரி ஊர்தியாகிவிட்டன.

அதே 2011-ல் இன்னொன்றும் நடந்தது. ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணி வெளியூர் சாயப்பட்டறைகளைத் தேடிப் போனது. ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்கென வாங்கிய வண்டிகள் நெடுஞ்சாலை ஏறின. சுத்திகரிப்பு நிலையங்கள் சீராகி டையிங் திரும்பி வந்த பிறகும் அந்த நீண்ட ஓட்டப் பழக்கம் முழுதாக மறையவில்லை. ஊருக்குள் மெதுவாக ஓடும்போது தெரியாத குறை, அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் தெரிந்துவிடும்.

பட்டறையில் கூடும் எடை

பாடி ஏன் வளர்கிறது? என் கணிப்பில் முதல் காரணம் வாடகை. இங்கே பெரும்பாலும் வாடகை பேசுவது டிரிப்புக்கு, கிலோவுக்கு அல்ல. டிரிப்புக்கு இவ்வளவு என்று முடிவானபின், சரக்கு அனுப்புகிறவர் ஒரே டிரிப்பில் எல்லாவற்றையும் ஏற்றப் பார்ப்பார். "அண்ணா, இன்னும் நாலு ரோல்தானுங்க" என்ற பேச்சை மறுக்கிற வண்டிக்காரர் அடுத்த டிரிப்பை இழப்பார். அதனால் வண்டியை நீட்டிவிடுகிறார்.

துணியின் குணமும் இதற்குத் துணை போகிறது. பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டி லேசானது. இடத்தை அடைக்கும், எடை ஏறாது. துணி ரோல் அப்படியல்ல. ஒரு ரோல் பொதுவாக 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். 22 கிலோ ரோல் 60 ஏற்றினாலே 1,320 கிலோ ஆகிவிடும். அட்டைப்பெட்டிக்காகக் கட்டிய உயரமான கிரில்லுக்குள் மறுநாள் ரோலை நிரப்பினால், கண்ணுக்கு முக்கால் பாடிதான் நிறைந்திருக்கும்; ஆக்ஸில் அதற்கு முன்பே தன் எல்லையைத் தாண்டியிருக்கும். நூல் மூட்டையும் அப்படித்தான். பாடி நிறையும் முன்பே அது வண்டியின் முழுத் திறனையும் தின்றுவிடும்.

பக்கத்தட்டே இல்லாத பிளாட்பெட் பாடியைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. இயந்திரம் மாற்ற வசதி, மூன்று பக்கமும் ஏற்றி இறக்கலாம், ஃபோர்க்லிஃப்ட் நேரே வரும். பவர்டேபிள் இயந்திரங்களுக்கும் கட்டிங் மேஜைக்கும் அது நல்ல பாடி. ஆனால் வட்ட நிட்டிங் இயந்திரம் ஒன்று இரண்டு டன்னைத் தாண்டும். தளம் அகலமாக இருக்கிறது என்பதற்காக அதைப் பிக்கப்பில் ஏற்றக் கூடாது. அதற்கு லாரியும் கிரேனும் வேண்டும். துணி ரோலுக்கோ தட்டில்லாத தளம் ஆகவே ஆகாது. உருளும் சரக்கை ஒரு கயிறு மட்டும் பிடித்து நிற்காது. மடக்கி இறக்கும் பக்கத்தட்டு உள்ள தளம்தான் இந்த ஊருக்குப் பொருந்தும்.

பெட்டிச் செய்தி: இரும்பின் கணக்கு

ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ எடை. 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலமுள்ள தளம் சுமார் 4.6 சதுர மீட்டர்.

2 மி.மீ. தகடு: சுமார் 72 கிலோ
3 மி.மீ. தகடு: சுமார் 108 கிலோ
4 மி.மீ. தகடு: சுமார் 144 கிலோ

இது தளத்துக்கு மட்டும். கிராஸ் மெம்பர், பக்கத்தட்டு, கிரில், கதவு, கொக்கி எல்லாம் தனி. ஷோரூம் பாடியைவிட 250 கிலோ கூடுதலாகக் கட்டினால், சட்டப்படி ஏற்றக்கூடிய துணியில் 11 ரோல் குறைகிறது. வண்டியின் மொத்த எடை வரம்பு ஆர்.சி. புத்தகத்தில் மாறாது, சரக்குதான் குறைய வேண்டும்.

கொக்கி எங்கே நிற்கிறது?

மண்டபத்துக்குப் போகும் ஜெனரேட்டர், சாலை வேலைக்கான கம்ப்ரசர், நடுவழியில் நின்றுபோன இன்னொரு வண்டி என்று கொக்கிக்குக் காரணங்கள் இருக்கின்றன. 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சக்கரம் வைத்த ஜெனரேட்டர் என்றால் தேடி வாங்கினார்கள். கொக்கி தேவைப்படுகிற வண்டிக்கு அதை மாட்டத்தான் வேண்டும். ஆனால் கொக்கியைப் பம்பரில் மாட்டுகிறவர்களையும், நீட்டிய தளத்தின் கடைசிக் கோணத்தில் பற்றவைக்கிறவர்களையும் பார்க்கிறோம். பம்பர் இழுவைக்குச் செய்த உறுப்பு அல்ல. பின்னால் ஒரு டன் தொங்கிக்கொண்டு பிரேக் அடிக்கும்போது வருகிற தள்ளுவிசையையும் இழுவிசையையும் தாங்க வேண்டியது சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்கள்தான். கொக்கித் தட்டு அந்த இரண்டையும் போல்ட்டால் பிடித்திருக்க வேண்டும்.

டிரெய்லர் பின்னால் இழுப்பதோடு நிற்காது, கீழேயும் அழுத்தும். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியில் இறங்குவது நல்ல ஏற்றுமானத்தின் அடையாளம். வீல்பேஸ் 3 மீட்டர், கொக்கி பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 100 கிலோ இறங்கினால் பின் ஆக்ஸில் 140 கிலோ கூடுதலாகத் தாங்குகிறது. முன் ஆக்ஸிலில் 40 கிலோ குறைகிறது. தராசுத் தட்டில் ஒருபுறம் தாழ்ந்தால் மறுபுறம் எழுவதுபோல முன்சக்கரம் லேசாகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் பெருமளவு நம்பியிருப்பது அந்த முன்சக்கரத்தைத்தான். ஏற்கெனவே பின்புறம் துணி நிறைந்த வண்டியில் இதையும் சேர்த்தால், ஈரச் சாலையில் திருப்பும்போது வண்டி டிரைவர் சொல்வதைக் கேட்காமல் நேரே போகப் பார்க்கும்.

டிரெய்லர் சட்டத்தின் கண்ணில் தனி வண்டி. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதென்றால், இடையே 5 மீட்டருக்கு மேல் கயிறோ சங்கிலியோ இருக்கக் கூடாது. 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புச் சங்கிலியும் டிரெய்லருக்கான விளக்கு இணைப்பும் இல்லாத கொக்கி அரைகுறை வேலை. டிரெய்லர் இழுக்காத நாளில் துருத்தும் முனையைக் கழற்றி வைக்கிற மாதிரி செய்ய வேண்டும். பின்னால் வருகிற பைக் ஓட்டியின் முழங்காலுக்கு அந்த முனை எமன்.

பெட்டிச் செய்தி: சட்டத்தில் இருப்பது

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக, ஆர்.சி. விவரங்களோடு ஒத்துப்போகாத வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

182-ஏ பிரிவு: அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

194-வது பிரிவு: அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். இறக்கும் செலவும் உரிமையாளருடையது. பாடிக்கு வெளியே சரக்கு நீண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000 ரூபாய்.

மத்திய மோட்டார் வாகன விதி 93: பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் நீளும் பகுதி, வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீல்பேஸ் 3 மீட்டர் என்றால் 1.8 மீட்டர்.

யார் தலையில் விடிகிறது?

உயரத்திலிருந்து தொடங்குவோம். வண்டி திருப்பத்தில் புரளாமல் நிற்பது, சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் பாரத்தின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அகலம் மாறாமல் அந்த மையம் ஒரு மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்கு ஏறினால், வண்டி புரளாமல் தாங்கும் திறனில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். டிரைவருக்கு இது முன்கூட்டித் தெரிவதில்லை. காலி வண்டியில் நாற்பதில் எடுத்த அதே திருப்பத்தை லோடு வண்டியிலும் நாற்பதிலேயே எடுக்கிறார்.

பட்டையைக் கூட்டிக்கொண்டால் போதும் என்பது பட்டறைகளில் பரவலான நம்பிக்கை. கூடுதல் பட்டை போட்டால் வண்டி பின்னால் தாழாது, உண்மை. ஆனால் பிரேக் பழைய பிரேக். டயர் பழைய டயர். ஆக்ஸில் குழாயும் பேரிங்கும் பழையவை. வண்டி நிமிர்ந்து நிற்பதால் அளவு மீறியது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதே அதில் உள்ள பெரிய கேடு. முன்பு தாழ்ந்து நின்ற வண்டி, "போதும், நிறுத்து" என்று தானே காட்டிக்கொடுத்தது.

அடுத்து, உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்த லோடுமேன். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞராக இருக்கலாம்; தென்மாவட்டத்திலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். கேபினில் இடமிருந்தாலும், சரக்கு சரியாமல் பார்த்துக்கொள்ள மேலே ஏற்றிவிடுகிறார்கள். மின்கம்பியும் மரக்கிளையும் அவருக்குத்தான் எதிரி. சரக்கைக் கட்ட வேண்டியது பெல்ட்டும் கயிறும். மனித உடம்பை அதற்குப் பயன்படுத்துவதை எந்தக் கம்பெனி வாசலும் அனுமதிக்கக் கூடாது.

டிரைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வேலை தேடும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது நல்ல தீர்ப்பு. அதோடு ஒரு கடமையும் வருகிறது. கார் ஓட்டிப் பழகிய ஒருவர் நேரே லோடு வண்டியில் உட்காரும்போது, பாரம் ஏற்றிய வண்டி எப்படி நிற்கும், எப்படித் திரும்பும் என்பதை யாராவது அவருக்குச் சொல்லித்தர வேண்டும். அந்தப் பயிற்சி இன்று உரிமையாளரின் நல்ல மனதைப் பொறுத்தே இருக்கிறது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பலர் கவலையின்றி இருக்கிறார்கள். பிரீமியம் கட்டியாயிற்று, இனி என்ன என்கிறார்கள். பாடி மாற்றியதை ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், சொந்த வண்டியின் சேதத்துக்கான கிளெய்மைக் கம்பெனி குறைக்கவோ மறுக்கவோ இடமிருக்கிறது. பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லும். பாலிசி நிபந்தனையை மீறியிருந்தால், அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவு கிடைப்பதும் உண்டு. மாதத் தவணையில் வண்டி வாங்கிய ஒருவரை அது வீடுவரை வந்து தொடும்.

சரக்குக்காரரும் தப்பவில்லை. ஒரு டன் அதிகம் என்று சோதனையில் பிடித்தால் அபராதம் 22,000 ரூபாய். அதைவிடக் கொடுமை, சாலையோரத்தில் துணியை இறக்கி வைப்பது. வெளிர் நிறத் துணியில் ஒரு கிரீஸ் கறை, ஒரு மழைத்துளிச் சேறு விழுந்தால் அந்த ரோல் திரும்ப டையிங் போகும் அல்லது கழிவாகும். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பல் சரக்கு விமானச் சரக்காகும். செலவு ஏற்றுமதியாளர் தலையில். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டபோது பீஸுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போராடிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊர், ஒரு டிரிப் வாடகையை மிச்சம் பிடிக்க முழு ஆர்டரையும் அந்த வண்டியின் தலையில் வைப்பது கணக்குக்கு ஒத்துவராத காரியம்.

சரியாகக் கட்டலாம்

கேபினும் சேசிஸும் மட்டும் வாங்கி, பாடியைத் தனியாகக் கட்டிக்கொள்ள சட்டமே வழி வைத்திருக்கிறது. படிவம் 22-ஏ அதற்குத்தான். அதன் முதல் பாகத்தில் வண்டித் தயாரிப்பாளரும் இரண்டாம் பாகத்தில் பாடி கட்டியவரும் கையெழுத்திட வேண்டும். லாரி, டிரெய்லர் பாடிகளுக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. ஒப்புதல் பெற்ற பாடியைப் பதிவின்போதே ஆர்.சி.யில் ஏற்றிவிட்டால், பிறகு எஃப்.சி. காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் மாற்றம் என்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட்டு, பிறகு பட்டறைக்குப் போங்கள்.

பட்டறையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. சேசிஸ் சட்டத்தில் நேரடியாக வெல்டிங் வைக்கவே கூடாது; சூடு பட்ட இடத்தில் இரும்பு பலவீனமாகி, மாதங்கள் கழித்து விரிசல் விடும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடவும் கூடாது. தயாரிப்பாளர் விட்டிருக்கும் பிராக்கெட்டுகளிலும் யூ-போல்ட்டிலும் சப்ஃபிரேமைப் பிடிக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அதிகம். பேட்டரி வயரைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் ராடு வைத்தால் அவை பழுதாகலாம். பின்விளக்குக்கான வயரை வெட்டி ஒட்டாமல், அதற்கான இணைப்பியை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

துணி வண்டிக்கென்றே சில நுணுக்கங்கள் உண்டு. புடைப்பு வைத்த செக்கர் தகட்டின் மேல் பின்னல் துணியை இழுத்தால் நூல் பிடிக்கும். அதன் மேல் பிளைவுட் அல்லது ரப்பர் விரிப்பு வேண்டும். போல்ட் தலைகள் தளத்துக்குள் அமுங்கியிருக்க வேண்டும், விளிம்புகளை கிரைண்டரில் மழுங்கடிக்க வேண்டும். கீல்களில் வழியும் கிரீஸுக்கு மூடி வேண்டும். தார்ப்பாய் கட்டும் வளையம் பாடிக்கு உள்பக்கம் இருந்தால் நல்லது. பாடி முடிந்ததும் முதல் வேலை, காலி வண்டியை எடை மேடையில் நிறுத்துவது. முன் ஆக்ஸில் தனியாக, பின் ஆக்ஸில் தனியாக. அந்தச் சீட்டில் வருகிற இரண்டு எண்களையும் கூட்டி, மொத்த எடை வரம்பிலிருந்து கழித்து, மிச்சமுள்ள கிலோவை கேபின் கதவில் பெயின்டில் எழுதிவிடுங்கள். "இன்னும் நாலு ரோல்" என்று கேட்கிறவருக்கு டிரைவர் வாய் திறக்காமல் அதைக் காட்டலாம்.

இதை வண்டிக்காரர் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஏற்றுமதியாளர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வெளிநாட்டு பையர்கள் கேட்டார்கள் என்பதற்காகத் தொழிற்சாலைக்குள் தீயணைப்புக் கருவி முதல் குடிநீர் வரை எத்தனையோ ஆடிட்டுக்குத் தயாரான ஊர் இது. அந்தச் சோதனை வாசல் கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே அதே துணி என்ன வண்டியில், யார் தலைக்கு மேல் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

வாடகையை டிரிப்புக்குப் பேசாமல் கிலோவுக்குப் பேசுங்கள். டெலிவரி சலானில் துணியின் எடையோடு வண்டி ஏற்றக்கூடிய எடையையும் எழுதச் சொல்லுங்கள். லோடுமேன் மேலே உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு செக்யூரிட்டி கேட்டைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். திருப்பூரின் ஏற்றுமதி, ஜாப்வொர்க் சங்கங்கள் கூடிப் பேசினால் இந்த மூன்றையும் அடுத்த சீசனுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். இதற்குப் புதுச் சட்டமோ அரசாணையோ எதுவும் தேவையில்லை.